மலையில்லாத ஊரில் பெரிய டிஸ்க்

பிள்ளைகளே, இனி இந்தச் சைக்கிள் கடை உங்கள் கையில், ஆனால் நட்டு முறுக்குவதை நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதைப் போனில் பார்த்தே என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள். எந்த ஆணியை முதலில் இறுக்குவது, எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் பெட்டிக்குள் வரும் தாளில் படம் போட்டிருக்கிறது. கண் இருந்தால் போதும். நான் சொல்ல வந்தது அந்தத் தாளில் இல்லாத பகுதியை. கடை வாசலில் ஒருவர் வந்து நின்று ஒன்றைக் கேட்கிறார். அவர் உண்மையில் கேட்பது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் பாதி. அது எனக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"நானா வேலையை விட்டிட்டார், இனிக் கதை அளக்கத்தான் சரி" என்று பின்னால் நின்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரியுங்கள். அண்ணன் என்ற முறையில் ஊரே நானா என்று கூப்பிடுகிற எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கைதான் நடுங்குகிறது. அதனால்தான் விட்டேன், ஆசைப்பட்டு விடவில்லை. காலையில் எழும்பித் தேநீர் குடித்ததும் கால் தானாகக் கடைப் பக்கம் திரும்புகிறது. என் மனுசி கூப்பிட்டு, "எங்க போறியள்?" என்று கேட்கும்போதுதான் போவதற்கு இடமில்லை என்பது நினைவுக்கு வருகிறது.  சரி, அதை விடுங்கள்.

ஏ ஒன்பது றோட்டில் இருக்கிற இதே கடையில், கிளிநொச்சியில் மவுண்டன் சைக்கிள் என்றால் என்னிடம்தான் கொண்டு வருவார்கள் என்று இருந்த காலம். ஒரு நாள் காலையில் பிரதீபன் என்று ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். பெடியனாக இருந்தபோது சுவிஸுக்குப் போனவர். தாய் செல்வராணி அக்கா இங்கே ரவுணுக்கு வெளியே தனியாக இருக்கிறார். போன முறை லீவில் வந்தபோது கொண்டுவந்த மவுண்டன் சைக்கிளை தாயின் வீட்டு விறாந்தையில் விட்டுவிட்டுப் போயிருந்தார். இந்த முறை சூட்கேசுக்குள் வைத்து இரண்டு டிஸ்க்குகள், அதுதான் பிரேக் பிடிக்கச் சில்லின் நடுவில் பூட்டும் இரும்புத் தட்டுகள், கொண்டுவந்திருந்தார். சைக்கிளில் ஏற்கெனவே இருந்ததைவிடப் பெரியவை.

"நானா, இதை முன்னுக்கும் பின்னுக்கும் போட்டுத் தாங்கோ. அங்கத்தைச் சாப்பாட்டில உடம்பு வைச்சிட்டுது, பழைய பிரேக் என்னைத் தாங்காது" என்றார்.

எனக்குப் பகிடியாக இருந்தது. "தம்பி, இஞ்ச மலை எங்க இருக்கு? குளக்கட்டை விட்டா எங்கட ஊரில உயரமா ஒண்டும் இல்லை. இவ்வளவு பெரிய டிஸ்க் போட்டு நீங்கள் எதில இருந்து இறங்கப் போறியள், வாசல் படியில இருந்தோ?"

"இஞ்ச இல்லை நானா. மலைநாட்டில, பண்டாரவளைப் பக்கம். என்னோட படிச்ச பெடியள் மூண்டு பேர் வாறாங்கள். மலையால சைக்கிளில இறங்கிறதைப் பற்றிப் போனில கதைச்சுக் கதைச்சே எத்தினை வருசம் போச்சுது. இந்த முறை செய்யாட்டி இனி இல்லை."

அவர் அதைச் சொன்ன விதத்தில் என் பகிடி நின்றுவிட்டது. முதல் கேள்வியாக, முன் சில்லைப் பிடித்திருக்கிற கவை, அந்தப் போர்க், இந்த அளவைத் தாங்குமா என்று கேட்டேன். தாங்கும் என்று அதில் அச்சடித்திருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். பார்த்துத்தான் வாங்கினேன் என்றார். டிஸ்க்கைக் கவ்வும் கலிப்பரை உயர்த்தி வைக்கும் துண்டுகளையும், அதற்குள் இருந்து டிஸ்க்கை அழுத்தும் புதுப் பிரேக் கட்டைகளையும் மறக்காமல் கொண்டு வந்திருந்தார். இந்த ஆள் கவனக்காரன் என்று எனக்குப் பிடித்துப்போனது. டிஸ்க் பெரிதானால் கொஞ்சம் பிடித்தாலே நிற்கும், நீண்ட இறக்கத்தில் கொதிக்காது. மலையில் இறங்குகிறவருக்கு அது ஆடம்பரம் இல்லை.

வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சுகமாக முடிந்தது. ஒன்று மட்டும் மிச்சம். புது டிஸ்க்கும் புதுக் கட்டையும் ஒன்றோடொன்று பழக வேண்டும். வேகமாக ஓடி, பிடித்து, திரும்ப ஓடி, திரும்பப் பிடித்து, அப்படிப் பலமுறை செய்தால்தான் பிடி வரும். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் வரும்போது குளக்கட்டில் வைத்து அதைச் செய்வது, அடுத்த நாள் விடியக் கூட்டாளிமார் வான் வண்டியோடு வந்து அவரை ஏற்றுவது என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜும்ஆத் தொழுகைக்குப் போவதற்காக நான் கை கழுவிக்கொண்டு நிற்கிறேன். செல்வராணி அக்கா வந்தார். கோயிலில் இருந்து நேராக வந்திருக்கிறார் என்று தெரிந்தது. நெற்றி நிறையத் திருநீறு, கையில் அர்ச்சனைத் தட்டு.

"தம்பி, பிரதீபன்ர சைக்கிள் முடிஞ்சுதோ?"

"ஓம் அக்கா, முடிஞ்சுது. பின்னேரம் வந்தா எடுத்துக்கொண்டு போகலாம்."

இதைச் சொன்னால் எந்த வாடிக்கையாளரின் முகமும் மலரும். அவருடைய முகம் விழுந்துவிட்டது.

"ஒரு உதவி கேப்பன், கோவிக்கப்படாது."

"சொல்லுங்கோ."

"முடியேல்லை எண்டு சொல்லுங்கோ தம்பி. ஏதோ சாமான் கொழும்பில இருந்து வரவேணும் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா நம்புவான்."

வாழ்நாள் முழுக்க "நாளைக்கு வாங்கோ" என்று சொன்னதற்காக ஆட்களிடம் பேச்சு வாங்கியவன் நான். அதைச் சொல்லச் சொல்லி என்னிடம் கெஞ்சிக்கொண்டு வந்தது இவர் ஒருவர்தான்.

"வந்த நாளில இருந்து அவன் வீட்டில இல்லை" என்றார். "கலியாண வீடு, சாமத்திய வீடு, காணி அலுவல் எண்டு கொழும்புக்கு ஓட்டம். விடிய ஒரு கோப்பி, இரவில படுக்கை. இப்ப மிச்சக் கிழமையும் மலைக்காம். அவனுக்குப் பிடிக்கும் எண்டு கூழ் காய்ச்ச நண்டும் கணவாயும் வாங்கிப் பிரிஜ்ஜில வைச்சிருக்கிறன் தம்பி. ஒவ்வொரு நாளும் திறந்து பாத்துப்போட்டு மூடுறன்."

உண்மையைச் சொல்கிறேன், ஓம் என்ற சொல் என் வாய்வரை வந்துவிட்டது. என் மகன் கட்டாரில் இருக்கிறான். லீவில் வந்தால் அவனும் இதே ஓட்டம்தான். அவன் கூட்டாளிமாரோடு வெளியே போகும்போது, மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் வராமல் போகட்டும் என்று நான் நினைத்ததுண்டு. நான் மெக்கானிக். ஸ்டார்ட் வராமல் செய்ய எனக்கு ஒரு நிமிடம் போதும்.

ஆனால் சொன்னது வேறு. "அக்கா, நான் அவருக்கு இதில பொய் சொன்னா, பிரேக் பிடிக்கும் எண்டு நான் சொல்லுறதை அவர் எப்பிடி நம்புறது? அந்த மனுசன் என்ர வாயை நம்பித்தான் மலையால இறங்கப் போறார். நீங்களே கேளுங்கோவன், என்னோட நில் மோனே எண்டு."

அவர் அர்ச்சனைத் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கேட்டா நிப்பான் தம்பி. அதாலதான் கேக்கேல்லை."

  தொழுகைக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. "நீங்கள் போட்டு வாங்கோ. நான் கொஞ்சம் இருந்திட்டுப் போறன்" என்று சொல்லி அக்கா கதிரையில் இருந்தார். அவருக்கு முன்னால்தான் சைக்கிள் நின்றது. நான் பள்ளிவாசலுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் இல்லை. சைக்கிள் ஹாண்டிலில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. சீற்றில் திருநீறு. மறிக்க வந்தவர் கடைசியில் ஆசீர்வதித்துவிட்டுப் போயிருக்கிறார் என்று எனக்கு மனம் இளகியது. துடைக்காமல் அப்படியே விட்டேன்.

பின்னேரம் பிரதீபன் வந்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு இருவரும் குளக்கட்டுக்குப் போனோம். உங்களுக்குத் தெரியும்தானே, கட்டிலிருந்து வயல் பக்கம் இறங்கும் கிறவல் பாதை. நான் கீழே நின்றேன். அவர் மேலே ஏறித் திரும்பி, வேகமாக இறங்கி வந்தார். நான் கையைக் காட்டிய இடத்தில் பிரேக்கைப் பிடித்தார். டிஸ்க் ஒரு அலறல் அலறியது. சைக்கிள் நிற்கவில்லை. என்னைத் தாண்டி, பாதையைத் தாண்டி, வாய்க்கால் கரைப் புல்லுக்குள் ஆளும் சைக்கிளும் விழுந்தார்கள்.

ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கை உரசி இரத்தம். வேறொன்றும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு, சில்லைச் சுற்றி டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் கறுப்பாக ஒட்டியது. கிறீஸ் என்று நினைத்து மூக்கில் வைத்தேன். நெய் மணத்தது. மற்றச் சில்லிலும் அப்படியே. டிஸ்க் முழுக்கச் சுற்றிவரக் கறுத்த பொட்டு வைத்த அடையாளம். கோயிலில் ஓமம் வளர்த்தால், அந்தக் கரியை நெய்யில் குழைத்து வாழையிலைத் துண்டில் கொடுப்பார்களே, அது. நான் இந்த ஊர்ச் சனத்தோடு வளர்ந்தவன். எனக்குத் தெரியும்.

முழங்கையைப் பிடித்துக்கொண்டு பிரதீபன் என்னைப் பார்த்த பார்வை நல்லதாக இல்லை.

"நானா, அம்மா மத்தியானம் உங்களிட்ட வந்தவாவாம். ஓட்டோக்காரர் சொன்னார். என்ன கேட்டவா?"

இந்த இடத்தில்தான், பிள்ளைகளே, நீங்கள் நன்றாகக் கேட்க வேண்டும். நிமிடக் கணக்கில் யோசிக்க நேரமில்லை. எதிரே ஒருவர் இரத்தத்தோடு நிற்கிறார். சைக்கிளைப் பார்க்க வந்தவா என்று மழுப்பலாம். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் தாய்க்கு மத்தியானம் என்ன சொன்னேனோ அது என்னைப் பிடித்துக்கொண்டது.

"வேலை முடியேல்லை எண்டு சொல்லச் சொன்னவா. கொழும்பில இருந்து சாமான் வரவேணும் எண்டு சொல்லச் சொன்னவா. நான் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

"அப்ப இது என்ன?"

"டிஸ்க்கில நெய் பட்டிருக்கு."

"சைக்கிள் கடைக்கு நெய் எங்கால வந்தது? அம்மா பூசினவாவோ?"

"நான் பாக்கேல்லை தம்பி. பாக்காததைச் சொல்லமாட்டன். என்ர கடையில நிண்ட நேரம் பட்டிருக்கு. பொறுப்பு என்ர."

பிரேக் பிடிக்காது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதைச் சொன்னேன். ஒரு தாயின் மனதில் என்ன இருந்தது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அதைச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்து அவிழ்த்துவிட்டிருந்தால் என் பெயர் அந்த நிமிடமே சுத்தமாகியிருக்கும். அந்த வீடு என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"சரி, துடைச்சுத் தாங்கோ. விடிய வான் வருது" என்றார்.

"துடைச்சா டிஸ்க் சுத்தமாகும். கட்டை குடிச்ச நெய்யைத் திருப்பித் தராது. நெருப்பில காட்டி எடுத்தா ரவுணுக்குள்ள ஓடுற அளவுக்குப் பிரேக் பிடிக்கும். மலையில கொதிக்கேக்க கைவிட்டிடும்."

"அப்ப புதுக் கட்டை போடுங்கோ."

"இந்த வகைக் கட்டை கிளிநொச்சியில இல்லை. வவுனியாவிலயும் இராது. கொழும்பில இருந்து..." என்று சொல்லும்போதே என் நாக்கு தடக்கியது.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். மத்தியானம் எந்தப் பொய்யைச் சொல்லமாட்டேன் என்றேனோ, பின்னேரம் அதே வசனம் சொல்லுக்குச் சொல் உண்மையாகி என் வாயில் நிற்கிறது. அவர் இடத்தில் நான் நின்றாலும் நம்பியிருக்கமாட்டேன்.

"நீங்களும் அம்மாவும் சேர்ந்து நல்லா நாடகம் ஆடுறியள் நானா. சைக்கிளைத் தாங்கோ, நான் கொண்டு போறன்."

"சைக்கிள் உங்கட. தாராளமாக் கொண்டு போங்கோ" என்றேன். கட்டை கழற்றும் சாவியை எடுத்து, அங்கேயே குந்தி, முன்னும் பின்னும் கட்டைகளைக் கழற்றி என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். "இது மட்டும் என்னோட இருக்கட்டும். பொலிசுக்குப் போறதெண்டாலும் போங்கோ."

அவர் நடந்து போய்விட்டார். சைக்கிளைத் தொடவில்லை. நான் அதை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தேன்.  சரியாகச் செய்துவிட்டோம் என்ற எண்ணம் மனதுக்கு ஆறுதல் தரும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். எனக்கு ஒரு சொட்டு ஆறுதலும் இருக்கவில்லை. கொழும்புக்குப் போன் எடுத்துக் கட்டைக்குச் சொன்னதுதான் அன்று செய்த ஒரே உருப்படியான காரியம்.

அடுத்த நாள் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் பிரதீபன் வந்து கதிரையில் இருந்தார். முகம் சவரம் செய்யவில்லை. வான் வரவில்லையா என்று கேட்டேன். பயணத்தைத் தள்ளி வைத்தாயிற்று என்றார். 

"நான் அம்மாவை ஏசிப்போட்டன் நானா."

"என்னெண்டு?"

"டிஸ்க்கில என்ன பூசினியள் எண்டு கேட்டன். உடனயே சொன்னா, ஒளிக்கேல்லை. ஓமத்துப் பொட்டு மோனே, சைக்கிளில அதுதான் கூட மினுங்குது, மினுங்கிற இடத்திலதான் கண்ணூறு நாவூறு படும், அதாலதான் வைச்சனான் எண்டு. எனக்குக் கோவம். நான் போகக்கூடாதெண்டுதானே செய்தனீங்கள் எண்டு கத்திப்போட்டன். அவா ஒண்டும் கதைக்கேல்லை. குசினிக்குள்ள அடுப்படியில போய் நிண்டிட்டா. விடியக் கோப்பி தந்தா. இப்பவும் கதைக்கேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. வாடிக்கையாளரோடு கோபப்படக் கூடாது என்று உங்களுக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறேன், ஆனால் வந்துவிட்டது.

"தம்பி, உங்களுக்கு மூளை இருக்கோ? மறிக்க நினைச்ச நேரம் அந்த மனுசி நேர வந்து என்னட்ட வாயால கேட்டவா. நான் மாட்டன் எண்டிட்டன். நீங்கள் போறது எண்டு முடிவான பிறகுதான் பொட்டு வைச்சவா. என்ர மகன் கட்டாருக்கு வெளிக்கிடேக்க என்ர மனுசி ஓதி ஊதித் தண்ணி குடுத்தவா. போகாத பிள்ளைக்கு ஆரும் ஓதி ஊதுறேல்லை."

அவர் தலையைக் கவிழ்ந்தார். நான் இன்னொன்றையும் சொன்னேன். அது அக்கா என்னை நம்பிச் சொன்னது. சொல்வதா விடுவதா என்று இரவு முழுக்க மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன்.

"நிக்கச் சொல்லி நீங்களே கேளுங்கோ எண்டு நான் அவாவுக்குச் சொன்னனான். கேட்டா நிப்பான், அதாலதான் கேக்கேல்லை எண்டு சொன்னவா."

 பிரதீபன் எழும்பினார். வாசலில் செருப்பைப் போடும்போது கால் மாறிப் போட்டு, திரும்பக் கழற்றிப் போட்டார். "போட்டு வாறன் நானா" என்றார். கட்டை எப்ப வரும் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் கேட்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு போன்கூட இல்லை. அந்தப் பக்கம் இருந்து வந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது, செல்வராணி அக்கா வீட்டில் பெரிய பானையில் கூழ் காய்ச்சி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார்களாம். மகன் அடுப்படியில் பலகையில் இருந்து மீன் வெட்டிக் கொடுத்தாராம். நான் கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். ஆனால் அன்று முழுக்க மனம் கட்டாரில் நின்றது.

கட்டை பஸ்ஸில் வந்து சேர்ந்தது. பார்சலை மேசையில் வைத்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்குச் சொன்னால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை, யாருக்கும் தெரியவும் போவதில்லை. பிறகு போனை எடுத்துப் பிரதீபனுக்குச் சொன்னேன், வந்திட்டுது என்று.  "இண்டைக்கோ நானா?" என்று மட்டும் கேட்டார்.

குளக்கட்டுக்கு இந்த முறை செல்வராணி அக்காவும் ஓட்டோவில் வந்தார். டிஸ்க்கை நான் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புதுக் கட்டை போட்டு வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்து, "தம்பி, நான் தெரியாமச் செய்துபோட்டன். உங்களுக்கும் பேச்சு வாங்கித் தந்திட்டன்" என்றார். "விடுங்கோ அக்கா, எனக்கு அது பழகிப்போச்சு" என்றேன். எங்கே நிற்பது என்று கேட்டார். பாதை முடிகிற இடத்தில், கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னேன்.

பிரதீபன் மேலே ஏறித் திரும்பினார். இறங்கி வந்தார். முதல் தடவை அக்கா கண்ணை மூடிக்கொண்டார். சைக்கிள் மெதுவாகி, அவருக்கு முன்னால் வந்து நின்றது. கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தார். மகன் திரும்பி ஏறினார். திரும்ப வந்தார், திரும்பத் தாய்க்கு முன்னால் நின்றார். பிரேக் பழகுவதற்கு அப்படித்தான் செய்ய வேண்டும், வேறு வழியில்லை. போவதும் வருவதும், போவதும் வருவதும். ஒவ்வொரு முறையும் அவர் மேலே போகும்போது அக்கா ஒரு அடி முன்னுக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் அவர் வந்து நிற்கும்போது சைக்கிளின் ஹாண்டிலைக் கையால் தொட்டார்.

பிரேக்கின் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அது எப்போதோ பழகிவிட்டது. காணும், போதும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "இன்னொருக்கா வா மோனே" என்று அக்கா சொன்னார். மகனும் சரி அம்மா என்று ஏறினார். பிரேக் பிடிக்கிறது என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. நான் குளத்தைப் பார்த்துக்கொண்டு திரும்பி நின்றேன். எனக்கு என் மகனைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த நாள் விடியப் பிரதீபன் மலைக்குப் போனார். நல்லபடியாகப் போய், நல்லபடியாக வந்தார். வந்து ஓரிரு நாளில் பிளேன் ஏறிவிட்டார். சைக்கிளை மறுபடியும் தாயின் விறாந்தையில் விட்டுவிட்டுப் போனார்.

இனி நான் உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அவர் போய் ஒரு மாதம் கழிய, செல்வராணி அக்கா அந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அவருக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. அவ்வளவு தூரமும் உருட்டித்தான் வந்தார். வேர்த்துக்கொட்டியது. "பிரேக் ஒருக்காப் பாருங்கோ தம்பி" என்றார். "ஓடாத சைக்கிளுக்கு என்ன வரப்போகுது அக்கா, அது அப்பிடியேதான் இருக்கும்" என்று நான் சிரித்துக்கொண்டு சொன்னேன்.  அவர் போகவில்லை. ஹாண்டிலைப் பிடித்தபடி வெயிலில் நின்றார். நான் வாயை மூடிக்கொண்டு சைக்கிளை வாங்கி ஸ்டாண்டில் ஏற்றினேன். அன்று தொடங்கி, நான் வேலையை விடும்வரை அவர் ஒரு மாதமும் தவறவில்லை.

இனி அவர் உங்களிடம்தான் வருவார். ஒரு பிழையும் இல்லை, இது தேவையில்லை என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். கையில் என்ன வேலை இருந்தாலும் வைத்துவிட்டு, சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். டிஸ்க்கைத் துடையுங்கள். கட்டையைப் பாருங்கள், பார்ப்பது போல நடிக்காதீர்கள், அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு சில்லை நன்றாகச் சுற்றிவிடுங்கள். ஆனால் பிரேக்கை நீங்கள் பிடிக்க வேண்டாம். அவரைக் கிட்டக் கூப்பிட்டு, பிரேக் பிடியை அவருடைய கையில் கொடுங்கள். அவர் சில்லு சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார், அவசரப்படுத்தாதீர்கள். பிறகு மெதுவாகப் பிடிப்பார். சில்லு அவருக்கு முன்னால் வந்து நிற்கும்.